இறங்கித் தள்ளும் இடங்கள்: ஒரு பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் வரைபடம், நிகழ்வு ஆய்வு

பின்னணி

டெல்டாப் பக்கம் ஒரு சிறிய ஊர். பெயர் வேண்டாம், இதில் வரும் பிள்ளைகளும் அவர்களுக்கு அடுத்த செட்டும் இன்னும் அதே ரோட்டில்தான் போய்வருகிறார்கள். ஊருக்கு வெளியே ஒன்றரைக் கிலோமீட்டரில் அரசு மேல்நிலைப் பள்ளி. நான் படித்த காலத்தில் அது ஒற்றை ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம், பள்ளி வாசலுக்கு நேராகக் குறுக்கே கடந்தால் உள்ளே போய்விடலாம். பிறகு ரோட்டை அகலப்படுத்தி நடுவில் மீடியன் கட்டினார்கள். பள்ளிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் முறைப்படி வர வேண்டுமென்றால் வாசலைத் தாண்டிப் போய், மீடியன் திறந்திருக்கும் இடத்தில் திரும்பி, அதே தூரத்தைத் திரும்ப மிதிக்க வேண்டும். கூடுதலாகக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் மாநிலத்தில் பதினொன்றாம் வகுப்பில் அரசு இலவச சைக்கிள் தருகிறது. நல்ல திட்டம், தூரத்துக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் மேல்நிலைப் படிப்பை விடாமல் இருப்பதில் அந்த சைக்கிளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஆனால் சைக்கிள் கொடுக்கிற அந்த வாரத்தில் ரோட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. அதுவரை மினி பஸ்ஸிலும் நடந்தும் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒரே நேரத்தில் மொத்தமாக ரோட்டுக்கு வருகிறார்கள், அதில் சிலர் அந்த வாரம்தான் சரியாக மிதிக்கவே பழகியிருப்பார்கள், அப்புறம் கேரியரில் தங்கையோ தோழியோ உட்கார்ந்திருப்பாள்.

தொடங்கிய நாள்

மழை விட்ட ஒரு மாலை, பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாய்க்கால் மதகுப் பக்கம் ரோடு கொஞ்சம் குறுகும். பின்னால் வந்த டிப்பர் லாரி ஹாரன் அடித்ததும் ஓரம் ஒதுங்கினாள். தார் முடியும் இடத்தில் மண் இல்லை, பள்ளம். முன்சக்கரம் கீழே இறங்கியது, மறுபடி மேலே ஏற்ற ஹேண்டில்பாரைத் திருப்பினாள், டயர் தார் விளிம்பில் உரசி வழுக்கியதில் ரோட்டுப் பக்கமாகவே விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. லாரி அவளைத் தொடவே இல்லை, அது பாட்டுக்குப் போய்விட்டது.

வீட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். புகார் இல்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை. யார் மேல் கொடுப்பது? இடித்த வண்டி என்று ஒன்று இல்லையே.

அந்தப் பள்ளியின் புவியியல் ஆசிரியை எனக்கு ஃபோன் செய்தார். நான் அந்த ஊர்க்காரன், சென்னையில் வேலை, ஓய்வு நேரத்தில் பல வருடமாக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ரோடும் தெருவும் வரைந்துகொண்டிருப்பவன். அது 2004-இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம் என்று ஒரு தடவை அவரிடம் சொல்லியிருந்தேன், அவர் அதை மறக்கவில்லை. “ஒரு மாசத்துல இது மூணாவது பிள்ள. யாருகிட்ட சொன்னாலும் ‘எங்க கேஸ் ஆயிருக்கு’ன்னு கேக்குறாங்க. எங்கெங்க விழறாங்கன்னு உங்க மேப்புல போட முடியுமா தம்பி?” என்றார்.

கேட்டவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களுடைய முறை அப்படி. தேசிய நெடுஞ்சாலைகளில் ஒரு இடத்தைக் கரும்புள்ளி, அதாவது விபத்து அடிக்கடி நடக்கும் இடம், என்று அறிவிக்க வேண்டுமானால், சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று வருடங்களில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் 5 நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். எங்கள் ரோடு தேசிய நெடுஞ்சாலைகூட இல்லை, ஆனால் எந்த ரோடானாலும் அதிகாரிகள் யோசிப்பது இந்த வழியில்தான்: பதிவான விபத்து எத்தனை? 2022-க்கான மத்திய அரசின் கணக்கில் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள், 1,68,491 மரணங்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. இவ்வளவு பெரிய கணக்கிலும், காவல் நிலையம் போகாத ஒரு பிள்ளையின் மணிக்கட்டு வராது.

இதற்கு வெளியில் முன்மாதிரி உண்டு. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் 2014-இல் பைக்மேப்ஸ் என்றொரு இணைய வரைபடம் தொடங்கினார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்களே வந்து, மோதல் மட்டுமில்லாமல் மயிரிழையில் தப்பியதையும், ரோட்டில் இருக்கும் ஆபத்தையும், சைக்கிள் திருட்டையும் புள்ளியாக வைக்கலாம். தப்பியதைக் கணக்கில் எடுப்பதுதான் இதில் முக்கியம். விபத்துக்காகக் காத்திருந்தால் ஒரு சந்திப்பின் ஆபத்து தெரிய வருடக்கணக்கில் ஆகும், தப்பியதைக் கேட்டால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். நாங்களும் அப்படியே செய்யலாம் என்று நினைத்தேன். இங்கேதான் முதல் தவறு நடந்தது, அதை நான்தான் செய்தேன்.

முதல் முயற்சி

கூகுள் ஃபார்ம் ஒன்று தமிழில் தயாரித்து, இடத்தைப் பின் போட்டு அனுப்பச் சொல்லி, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் ஊரில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவிலும் போட்டோம். மூன்று வாரம் வைத்திருந்தோம். வந்ததை யூமேப்பில் (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் நம் சொந்தப் புள்ளிகளை வைத்துப் பார்க்கும் இணையக் கருவி) ஏற்றிப் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் கடைத்தெருவிலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலும் கிடந்தன. அப்புறம் ஞாயிறு காலை ஐந்தரைக்கு கியர் சைக்கிளில் போகிறவர்களின் நீண்ட ரோட்டில் ஒரு வரிசை. மதகில் ஒரு புள்ளி இல்லை. பள்ளி வாசலில் ஒன்றே ஒன்று, அதுவும் ஸ்கூட்டரில் பிள்ளையை விட வந்த ஒரு அப்பா போட்டது.

அந்தப் படத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் “பள்ளிப் பக்கம் பிரச்சினையே இல்லையே” என்று எங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்ததாக ஆகியிருக்கும். இன்றைக்கும் நினைத்தால் பகீரென்கிறது. ரோட்டில் அதிகம் மிதிப்பவர்கள் யார்? பள்ளிப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், பால்காரர், பேப்பர் போடுகிற பையன், ராத்திரி வாட்ச்மேன். ஃபார்மை நிரப்பியவர்களில் இவர்கள் ஒருவர்கூட இல்லை. பிள்ளைகளிடம் ஃபோன் இல்லை, வீட்டில் இருக்கும் ஒரு ஃபோன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

காகிதத்துக்கு மாறியது

ஆசிரியைதான் சொன்னார், “மேப்ப கிளாஸுக்குக் கொண்டாங்க.” ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் உலகில் இது புதிதில்லை. 2009-இலேயே வாக்கிங் பேப்பர்ஸ் என்று ஒரு கருவி வந்தது, வரைபடத்தைத் தாளில் அச்சடித்து, பேனாவால் குறித்து, ஸ்கேன் செய்து மறுபடி கணினியில் ஏற்றுவது. அதே யோசனைதான்.

ஆனால் அச்சடிக்கப் போனால் படத்தில் ஒன்றுமே இல்லை. மெயின் ரோடு, ஆறு, ரயில் பாதை, நாலைந்து ஊர்ப் பெயர். கிராமத்துத் தெருக்கள் காலி. முதல் இரண்டு வாரம் செயற்கைக்கோள் படத்தைப் பின்னால் வைத்துத் தெருத்தெருவாக வரைந்தேன். (கூகுள் மேப்பைப் பார்த்து வரையக் கூடாது, உரிமம் இடிக்கும். பிங் படத்திலிருந்து வரைய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு அனுமதி உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழுவது இங்கேதான்.) அப்படியும் முதல் நாள் வகுப்பில் தாளை விரித்ததும் ஒரு மாணவன் கொஞ்ச நேரம் குனிந்து தேடிவிட்டு, “எங்க தெருவக் காணோம் சார்” என்றான். காலனிக்குப் போகும் வண்டிப்பாதை, மரநிழல் மூடியதால் படத்தில் தெரியவில்லை, நானும் விட்டிருந்தேன். அன்று சாயங்காலமே அவனோடு போய் ஃபோனில் தடம் பதிந்து சேர்த்தோம். அடுத்த அச்சில் அவன் தெரு இருந்தது. அவன்தான் பிறகு கடைசிவரை கூட நின்றவன்.

இன்னொன்றும் புரிந்தது. பிள்ளைகள் வரைபடத்தை ரோட்டை வைத்துப் படிப்பதில்லை. ஐயனார் கோயில், ரேஷன் கடை, தண்ணீர் டேங்க், மூடிக்கிடக்கும் ரைஸ் மில், இவற்றை வைத்துத்தான் இடத்தைப் பிடிக்கிறார்கள். ஆகவே அவற்றை எல்லாம் பெரிய எழுத்தில் தமிழில் சேர்த்து மறுபடி அச்சடித்தோம், ஏ1 அளவில், ஊர் ஃபிளக்ஸ் கடையில்.

குறிப்பதற்கு ஸ்டிக்கர் பொட்டு. ஒரு மாணவி ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்து நீட்டிய அட்டைதான் அந்த யோசனை. சிவப்புப் பொட்டு விழுந்த இடம் அல்லது இடிபட்ட இடம். பச்சைப் பொட்டு மயிரிழையில் தப்பிய இடம். பொட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் காலையா மாலையா, மழையா வெயிலா. அவ்வளவுதான், பெயர் கிடையாது.

கேள்வி கேட்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த வேலையும் அதில்தான் நின்றது. “யாருக்காவது விபத்து நடந்திருக்கா?” என்று நான் கேட்டபோது வகுப்பில் ஒரு கைகூட உயரவில்லை. கட்டு போட்டிருந்த பிள்ளையே கையைத் தூக்கவில்லை, அவளைப் பொறுத்தவரை அது விபத்து இல்லை, அவள் விழுந்தாள். ஆசிரியை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “சைக்கிள்ல போறப்ப எந்த எடத்துல ‘அம்மா’ன்னு கத்தினீங்க?” என்றார். வகுப்பே ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டது.

கறுப்புப் பொட்டு

இரண்டு செக்‌ஷன், எழுபது பேருக்கு மேல், இரண்டு நாள் ஒட்டினார்கள். மூன்றாம் நாள் தாளைச் சுவரில் மாட்டிப் பார்த்தபோது ஒரு மாணவி வந்து, பள்ளிக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் லாரிகள் திரும்பும் ஒரு முக்கைக் காட்டி, “இங்க ஏன் ஒண்ணுமே இல்ல?” என்று கேட்டாள். யாரும் விழவில்லை, தப்பவும் இல்லை. “நாங்க எல்லாரும் அங்க எறங்கித் தள்ளிக்கிட்டுத்தானே போவோம், அதான்” என்று பிள்ளைகளே பதில் சொன்னார்கள்.

எனக்கு அந்த நிமிடம் கை ஓடவில்லை. வரைபடத்தில் வெள்ளையாக இருந்த இடத்தை நான் பத்திரமான இடம் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அதுதான் எல்லோரும் மிகவும் பயப்படும் இடம், பயந்து இறங்கிவிடுவதால் அங்கே எதுவும் நடப்பதில்லை. அன்றே மூன்றாவது நிறம் சேர்ந்தது: கறுப்புப் பொட்டு, இறங்கித் தள்ளும் இடம் அல்லது சுற்றிப் போகும் இடம். மறுநாள் அந்த முக்கு கறுத்துப் போயிற்று. நான் இதுவரை பார்த்த எந்தப் பொதுவரைபடத்திலும் இந்த நிறத்தைத் தனியாகக் கேட்டுப் பார்த்ததில்லை. இதைப் படிக்கிற யாராவது உங்கள் ஊரில் செய்வதானால், வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

நேரில் போய்ப் பார்த்தது

பொட்டு எங்கே குவிந்ததோ அங்கெல்லாம் காலை எட்டேகாலுக்கும் மாலை நாலரைக்கும் போய் நின்றோம். ஆசிரியை, நான், மாணவர்கள் நாலு பேர், அப்புறம் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். அவர் இந்தப் பிள்ளைகளின் பாதி சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர்.

மதகு: தார் விளிம்பில் ஸ்கேலை நிறுத்தினால் பதினாறு சென்டிமீட்டர். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் ரோடு உயர்ந்துகொண்டே போக, ஓரத்து மண் மழையில் கரைந்து இறங்கிக்கொண்டே போயிருந்தது. ஒருமுறை இறங்கிய சக்கரம் சாய்வாக ஏறாது, நேராக நிறுத்தித் தூக்கித்தான் வைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் அதே இடத்துக்குச் சற்று முன்னால் பாதி ரோட்டில் நெல் காயும், அப்போது பிள்ளைகள் இன்னும் உள்ளே தள்ளப்படுவார்கள். நெல் காயப்போடுகிறவர்கள் இந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாதான், களம் இல்லாமல்தான் ரோட்டுக்கு வருகிறார்கள், அதனால் அதைக் குற்றப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

வேகத்தடை: பள்ளிக்கு நூறு மீட்டர் முன்னால். இந்தியச் சாலைக் குழுமத்தின் (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) வழிகாட்டுதலில் வட்ட முதுகு வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், சக்கரம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். இங்கே இருந்தது ஒரு மீட்டர் நீளம்கூட இல்லாத மேடு. தண்ணீர் ஓடுவதற்காக ஓரத்தில் ஒரு அடி இடைவெளி விட்டிருந்தார்கள். காலையில் நின்று பார்த்தால் எல்லா சைக்கிளும் எல்லா பைக்கும் அந்த ஒரு அடிக்குள் நுழையப் பார்க்கின்றன. பச்சைப் பொட்டு அங்கே குவிந்ததற்குக் காரணம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

மீடியன்: எதிர்ப்பக்கக் கிராமத்துப் பிள்ளைகள் சுற்றாமல், தவறான திசையில் ஓரமாக வருகிறார்கள். “ரூல்ஸ் தெரியாத பசங்க” என்று ஊரில் பேச்சு. ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதலாக, வெயிலில், பின்னால் தங்கையை வைத்து மிதித்துப் பார்த்தால் தெரியும்.

சைக்கிள் கடை அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: “இதுல எத்தன சைக்கிள்ல முன்பிரேக் பிடிக்கும்?” யாரும் யோசிக்கவில்லை. ஒரு மதியம் பள்ளி ஸ்டாண்டில் வரிசையாகப் பார்த்தார். பிரேக் கட்டை தேய்ந்து ரிம்மில் இரும்பு உரசுகிறது, சிலதில் கம்பியே கழற்றி விடப்பட்டிருக்கிறது, பெல் இல்லை. ‘தப்பியது’ என்று ஒட்டிய பொட்டுகளில் ஒரு பங்கு ரோட்டின் தவறே இல்லை, நிறுத்த முடியாத சைக்கிள். இது வரைபடத்தில் தெரியவே தெரியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எது எங்கே போக வேண்டும் என்பது முதல் கேள்வி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இன்னொருவர் நேரில் போய்ச் சரிபார்க்கக்கூடியதைத்தான் போட வேண்டும். ஆகவே தெரு, மதகு, வேகத்தடை, மீடியன் திறப்பு, ரோட்டின் மேற்பரப்பு, தெருவிளக்கு எல்லாம் அதில் ஏறின. ‘இங்கே விழுந்தேன்’ என்பது அதில் சேராது, அதைத் தனியாக யூமேப்பில் அடுக்காக வைத்தோம்.

இரண்டாவது முடிவு கடினமானது. கறுப்புப் பொட்டுகளில் ஒரு பகுதி லாரிக்குப் பயந்து வைத்தவை இல்லை. ஒரு ஆளில்லாத வளைவில் மாணவிகள் மட்டும் வைத்திருந்தார்கள். ஆசிரியை தனியாகக் கேட்டபோது, பைக்கில் கூடவே வந்து பேச்சுக் கொடுக்கிறவர்கள், கேரியரைப் பிடித்து இழுக்கிறவர்கள் பற்றிச் சொன்னார்கள். இந்தியாவில் 2012-இலிருந்து சேஃப்சிட்டி என்ற வரைபடம் இப்படிப்பட்ட தொல்லைகளைப் பெயரில்லாமல் பதிகிறது, அதுபோலப் பொதுவில் போடலாமா என்று யோசித்தோம். வேண்டாம் என்று முடிவு செய்தோம். நகரத்தில் ஒரு புள்ளி என்றால் ஆயிரம் பேர் போகும் இடம். இங்கே அந்த வளைவில் அந்த நேரத்தில் போகிற மாணவிகள் ஆறேழு பேர், புள்ளி வைத்தால் யார் என்று ஊருக்கே தெரியும், தொல்லை செய்கிறவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததாகவும் ஆகும். அதைவிட, வீட்டில் தெரிந்தால் சைக்கிளை நிறுத்திவிடுவார்கள், சில வீடுகளில் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். இதைப் பிள்ளைகளே சொன்னார்கள். அந்த அடுக்கைப் பொதுவில் வைக்காமல் தலைமை ஆசிரியரும் ஆசிரியையும் மட்டும் பார்த்து, பள்ளி மூலமாகப் பெண் காவலர் ஒருவரிடம் நேரில் பேசினார்கள். வீடு இருக்கும் திசை தெரியாமலிருக்க, ஒவ்வொரு தெருவின் தொடக்கப் புள்ளியையும் பொதுப்படத்திலிருந்து வெட்டிவிட்டோம்.

மூன்றாவது, யாரிடம் எப்படிக் கொடுப்பது. முதல் மனுவில் நாற்பதுக்கு மேல் இடங்களைப் போட்டு வரைபட லிங்க்கையும் வைத்தோம். ஒரு மாதம் அசைவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் ஒரு பொறியாளர் வெளிப்படையாகச் சொன்னார்: “நாப்பதையும் நான் செய்ய முடியாது, எதை முதல்ல செய்யணும்னு உங்க பேப்பர் சொல்லல.” நியாயம்தான். அடுத்த முறை மூன்றே இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏ4 தாள்: ஸ்கேல் தெரியும்படி ஒரு படம், எத்தனை பொட்டு, எந்த நேரம், என்ன செய்தால் போதும். லிங்க் இல்லை. தாளைக் கொடுத்தது மாணவர்கள், கூட ஊராட்சித் தலைவர்.

நடந்தது

மதகில் இரண்டு வாரத்தில் கிராவல் கொட்டி ஓரத்தைச் சமப்படுத்தினார்கள். பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஐப்பசி மழையில் பாதி அடித்துக்கொண்டு போயிற்று. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி போனார்கள், தை முடிந்ததும் மதகின் இரண்டு பக்கமும் சிமென்ட் கான்கிரீட்டில் ஓரம் போட்டுக் கொடுத்தார்கள். அது இன்னும் நிற்கிறது.

வேகத்தடையை மாற்றவில்லை. வெள்ளைக் கோடும் ஒரு பலகையும் வந்தன, ஓரத்து ஒரு அடி இடைவெளி அப்படியே இருக்கிறது.

மீடியனைத் திறக்க மறுத்துவிட்டார்கள், அதற்கு அவர்கள் சொன்ன காரணம் சரியானது. வேகமான ரோட்டில் பள்ளிக்கு நேராக ஒரு திறப்பு விட்டால் பைக்கும் காரும் அங்கே திரும்பும், குறுக்கு மோதல் வரும். பதிலாக எதிர்ப்பக்கத்து மண் ஓரத்தைப் புல் வெட்டி, கருவேலத்தைக் கழித்து, தாரை விட்டு விலகி இரண்டு திசையிலும் சைக்கிள் போகிற அளவுக்கு இறுக்கிக் கொடுத்தார்கள். காலை எட்டரைக்கு ஒரு காவலர் நிற்கிறார், கறுப்புப் பொட்டு முக்கிலேயே. அவர் நிற்கிற நாளில் பிள்ளைகள் இறங்குவதில்லை, நிற்காத நாளில் இறங்குகிறார்கள்.

ஒரு யோசனை தவறாகப் போனது, அது என்னுடையது. வாய்க்கால் கரையில் ஒரு பாதை இருந்தது, லாரி இல்லை, தூரமும் குறைவு, வரைபடத்தில் பார்க்க அழகாக இருந்தது. அதைச் சேர்த்து, ‘இந்த வழி நல்லது’ என்று பச்சைக் கோடு போட்டுச் சுவரில் மாட்டினேன். பையன்கள் போனார்கள். மாணவிகள் ஒருவர்கூடப் போகவில்லை, யாருமில்லாத கரை. மழை வந்ததும் சேறாகி ஒரு பையன் வாய்க்காலுக்குள்ளேயே சறுக்கினான், நல்ல வேளை முழங்கால் அளவுத் தண்ணீர். அன்று இரவே அந்தக் கோட்டை எடுத்தேன். யாரையும் கேட்காமல் போட்ட ஒரே கோடு அதுதான்.

சைக்கிள் கடை அண்ணன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து பிரேக் பார்க்கிறார். கட்டைக்கு மட்டும் காசு, கூலி வாங்குவதில்லை. பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து பின் மட்கார்டுக்கு ஒளிரும் டேப் வாங்கிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது சுற்றும், மாற்ற வேண்டியதும்

அடுத்த கல்வியாண்டில் புதிதாகச் சைக்கிள் வாங்கிய செட்டோடு மறுபடி ஒட்டினோம். மதகில் சிவப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் மொத்தப் பொட்டு போன வருடத்தைவிட அதிகம். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. பிறகுதான் நிதானமாக யோசித்தோம், போன வருடம் ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று விட்டதை இந்த வருடம் ஒட்டுகிறார்கள். அண்ணன் அக்காக்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, பொட்டு எண்ணிக்கையை வைத்து ரோடு மோசமானதா நல்லதானதா என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. ஒவ்வொரு இடத்தையும் எத்தனை சைக்கிள் கடக்கிறது என்று முதல் வருடமே நின்று எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை. பத்துப் பேர் போகும் இடத்தில் ஐந்து பொட்டும் இருநூறு பேர் போகும் இடத்தில் ஐந்து பொட்டும் ஒன்றாகுமா? இந்த வருடம் மாணவர்கள் நாலு முனையில் நின்று கோடு போட்டு எண்ணுகிறார்கள்.

மழைக்காலத்தில் தனியாக ஒரு சுற்று வேண்டும். மார்கழியில் சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று, பகலில் ஒட்டிய படத்தில் இருட்டு வரவில்லை. பத்தாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும், சைக்கிள் கைக்கு வருவதற்கு முன்னால். வரைந்து பழகிய பிள்ளைகள் இரண்டே வருடத்தில் பள்ளியை விட்டுப் போய்விடுகிறார்கள், அப்புறம் எல்லாவற்றையும் ஆசிரியை ஒருவரே தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது.

கூலிக்குப் போகிற பெரியவர்களை நாங்கள் இன்னும் கேட்கவில்லை. விடியற்காலை நாலரைக்கு அதே ரோட்டில் விளக்கில்லாமல் போகிறார்கள். அவர்களை எங்கே பிடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது, தெரு படத்தில் இல்லை என்று சொன்ன அந்தப் பையன், இப்போது கல்லூரியில் சேர்ந்துவிட்டான், “டீக்கடைல மாட்டுங்கண்ணா, அங்கதான் எல்லாரும் சைக்கிள நிறுத்துவாங்க” என்றான். போன வாரம் மதகுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு தாளை மாட்டிவிட்டு, கீழே நூலில் மூன்று பொட்டு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு வந்திருக்கிறோம். நேற்று கடைக்காரர் அனுப்பிய படத்தில் ஏழு கறுப்பு, இரண்டு சிவப்பு.